வாயை மூடு, எழுத்தைப் பார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். டேபிளின் முதல் எழுத்தும் டாக்டரின் முதல் எழுத்தும் நமக்கு 'டி'தான். பேப்பருக்கும் பஸ்ஸுக்கும் 'பி'தான். அதனால் இங்கே நான் 'டி' என்று எழுதும் இடமெல்லாம் டேபிளின் டி, 'பி' என்று எழுதினால் பேப்பரின் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் குறிப்பு இல்லை, நான் சொல்ல வந்த விஷயத்தின் வேரே இதில்தான் இருக்கிறது. ஏழெட்டு எழுத்தைக் கலைத்துப் போட்டு அதிலிருந்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடி என்றால் நாம் திணறுவது ஆங்கிலம் தெரியாததால் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். காரணம் அது இல்லை. நாம் எழுத்தைக் காதால் படிக்கிறோம்.

2012-இல் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பெண்கள் பிஜி விடுதியில் தங்கியிருந்தேன். மென்பொருள் டெஸ்டிங் வேலை, முதல் வருடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை திண்டுக்கல் பக்கம் தமிழ் வழியில் படித்தவள் நான். அறையில் கூட இருந்தவர் கொச்சிக்காரர், மருத்துவமனையில் செவிலியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் சேச்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்க்ராபிள் அட்டையை இழுத்துப் போடுவார். எழுத்துச் சில்லுகளைப் பலகையில் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் விளையாட்டு அது. நூறு சில்லு இருக்க வேண்டிய பையில் 99தான் இருந்தது. 'வி' எழுத்து இரண்டில் ஒன்று எப்போதோ தொலைந்துபோய், காலண்டர் அட்டையை வெட்டி பேனாவால் 'வி' என்று எழுதிப் போட்டிருந்தார். பைக்குள் கைவிட்டால் அட்டை தட்டுப்பட்டுவிடும் என்பதால், விரலில் முதலில் பட்டது எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்திருந்தார்.

நான் முதன்முதலாக உட்கார்ந்த ஞாயிறு எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் கையில் வந்த ஏழு எழுத்து: இ, ஜி, ஐ, எல், என், எஸ், டி. ஐ, என், ஜி மூன்றும் இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷம், 'இங்' என்று முடித்துவிடலாம் என்று மூன்றையும் வலது ஓரம் ஒதுக்கினேன். மீதி இ, எல், எஸ், டி. லெட்சிங், டெல்சிங், ஸ்லெட்டிங் என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நான் கேட்ட சொல்லாக இல்லை. பத்து நிமிடம் ஆனது. கடைசியில் 'டின்' என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஆட்டம் முடிந்த பிறகு சேச்சி அந்த ஏழு சில்லையும் மறுபடி எடுத்து வரிசையாக வைத்து, இரண்டைத் தள்ளி, ஒன்றைத் தூக்கி முன்னால் போட்டார். சிங்லெட். நம் ஊர் பனியன்தான். மறுபடி கலைத்தார். டிங்கிள்ஸ். மறுபடி. க்ளிசன், அதாவது பளபளத்தல். மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள், அதுதான் வலித்தது. சில்லுகளின் சொந்தப் புள்ளி 8, ஏழு சில்லையும் ஒரே முறையில் போட்டால் 50 புள்ளி கூடுதல் என்பதால், பலகையில் புள்ளியைக் கூட்டித்தரும் சலுகைக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமலே மூன்றில் எந்தச் சொல்லும் 58 பெறும்.

"நீ வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாய். வாயை மூடு, எழுத்தைப் பார்" என்றார் சேச்சி. அவர் தமிழில் பாதி மலையாளம் இருக்கும், ஆனால் சொன்னது இதுதான்.

க்ளிசன் என்ற சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் டி எங்கே கேட்கிறது? கேட்கவே கேட்காது. ஜி-யை எடுத்துவிட்டால் லிசன், அங்கேயும் டி ஊமை. அதே ஆறு எழுத்துதான் சைலன்ட், டின்செல், இன்லெட்ஸ், என்லிஸ்ட் எல்லாம். காதால் தேடுகிறவருக்கு லிசனுக்கும் சைலன்ட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே பிடி அரிசி.

தமிழில் வளர்ந்தவருக்கு இது ஏன் கஷ்டம் என்று அப்புறம்தான் யோசித்தேன். தமிழில் சொல்லைக் கலைத்தால் கா, ல், ம் என்று துண்டு துண்டாகத்தான் கலையும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஒலி உண்டு, எங்கே தூக்கி வைத்தாலும் அது பெரும்பாலும் அதே ஒலிதான். ஆங்கில எழுத்து அப்படி இல்லை. பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒலி மாறும், சில சமயம் ஒலியே இல்லாமல் போகும். ஆனால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்ததே கோரஸாகப் பாடித்தான்: சி ஏ டி கேட், கேட்னா பூனை. எழுத்து ஒரு பாட்டின் வரிசையில் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வரிசையைக் கலைத்தால் பாட்டு நின்றுவிடும், சொல்லும் வராது. நான் அந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன், அறுபது பேர் வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தர முடியும். ஆனால் எழுத்து விளையாட்டுக்கு உட்காரும்போது அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சேச்சி முதலில் கற்றுக்கொடுத்தது ரொம்ப எளிது. சில்லு ஏழும் கைக்கு வந்ததும் அகர வரிசையில் அடுக்கு, அதாவது ஏ பி சி வரிசையில். வேறெதுவும் யோசிக்காதே. என் அந்த முதல் கை அப்படி அடுக்கினால் இ-ஜி-ஐ-எல்-என்-எஸ்-டி. இதை யாராலும் உச்சரிக்க முடியாது, அதுதான் இதன் நன்மை. வாய் தானாக மூடிக்கொள்ளும். இப்படி அடுக்கிய வரிசைக்கு ஆட்டக்காரர்கள் நடுவில் ஆல்ஃபாகிராம் என்று பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. போட்டிக்கு ஆடுகிறவர்கள் அட்டை செய்து மனப்பாடம் செய்வதும் இந்த முறையில்தான்: ஒரு பக்கம் ஏ-இ-ஐ-என்-ஆர்-எஸ்-டி என்ற வரிசை, மறுபக்கம் அதிலிருந்து வரும் சொற்கள். ரிடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெயினர், ஸ்டியரின், ரெட்சினா. இன்னும் உண்டு. ஸ்டியரின் கொழுப்பிலிருந்து எடுப்பது, ரெட்சினா கிரேக்க நாட்டின் பிசின் வாசனை மது. இரண்டும் எனக்கு அந்த அட்டை வழியாகத்தான் தெரியும். அர்த்தம் தெரியாவிட்டாலும் ஆடலாம், ஆனால் நான் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்துவிடுவேன். அர்த்தம் தெரிந்த சொல் மனதில் தங்குகிறது, தெரியாதது ஒரு வாரத்தில் போய்விடுகிறது. இது என் அனுபவம்.

மொழி தெரிந்தால்தான் சொல் கிடைக்கும் என்பது உண்மையில்லை என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் வாழ்பவர், ஆங்கில ஸ்க்ராபிளில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் வென்றார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே. 2024-இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதையே செய்தார். தாய்லாந்து ஆட்டக்காரர்கள் 2003-இலும் 2009-இலும் ஆங்கிலத்தில் உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள், அங்கேயும் வீட்டு மொழி ஆங்கிலம் இல்லை. இதைப் படித்த அன்று எனக்குள் இருந்த ஒரு பெரிய பயம் போனது. கான்வென்ட்டில் படித்தவர்கள் முன்னால் இந்தப் பலகையில் உட்காரவே கூசிய எனக்கு, இது காதுக்கான தேர்வு இல்லை என்று தெரிந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

சரி, அடுக்கியாயிற்று. அப்புறம் என்ன?

ஒவ்வொரு எழுத்துக்கும் பிடித்த இடமும் பிடித்த கூட்டாளியும் உண்டு. எச் வந்தால் அதை சி-யோடு, எஸ்-ஓடு, டி-யோடு, டபிள்யூ-வோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சி-யும் கே-யும் ஜோடியாக வந்தால் அது சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான், முதலில் வராது. வி-யில் முடியும் ஆங்கிலச் சொல் மிகக் குறைவு, வி-க்குப் பின்னால் ஒரு இ-யை வைத்துப் பார்ப்பதே முதல் வேலை. ஒய் இருந்தால் கடைசி இடத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். முடிவுகளில் இ-ஆர், ஐ-இ-ஆர், இ-எஸ்-டி, ஐ-எஸ்-எச், ஏ-ஜி-இ, தொடக்கங்களில் ஆர்-இ, யு-என், ஓ-யு-டி. இவற்றை ஒதுக்கி வைத்துவிட்டால் ஏழு எழுத்துப் பிரச்சினை நாலு எழுத்துப் பிரச்சினையாகச் சுருங்கும். ஆனால் ஒதுக்கியதில் சொல் வரவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் கலைத்துவிட வேண்டும். நான் 'இங்'கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தொங்கியது அதைக் கலைக்க மனமில்லாமல்தான். ஜி முன்னாலும் நிற்கும், நடுவிலும் நிற்கும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதை வலது ஓரத்திலிருந்து பெயர்க்க வேண்டும்.

சில ஆறெழுத்துக் கூட்டங்கள் பொன் மாதிரி. ஏ, இ, ஐ, ஆர், எஸ், டி ஆறும் கையில் இருந்தால் ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் சொல் உண்டு. எல் வந்தால் ரியலிஸ்ட், எஃப் வந்தால் ஃபேரஸ்ட், டபிள்யூ வந்தால் வெயிட்டர்ஸ், பி வந்தால் பைரேட்ஸ், அதுவே பார்டீஸ். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் சின்னச் சின்னப் புள்ளிக்கு ஆசைப்பட்டு இந்த எழுத்துகளைச் செலவழிக்க மாட்டார்கள். இது தற்செயல் இல்லை. விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த கட்டிடக் கலைஞர், செய்தித்தாளை எடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணி அதன்படி சில்லுகளைப் பங்கிட்டார். இ 12, ஏ 9, ஐ 9, க்யூ ஒன்றே ஒன்று. எஸ் மட்டும் நாலே நாலு, இல்லாவிட்டால் எல்லோரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவார்கள்.

இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் இதில் ஒரு அடி முன்னால் போக முடியாது. நூற்றுச் சொச்சம் இருக்கிறது. க்யூ-வும் ஐ-யும் சேர்ந்தால் சீனர்கள் சொல்லும் உயிராற்றல், யு இல்லாமல் க்யூ-வைத் தள்ளிவிட அதுவே வழி. எக்ஸ்-யு வியட்நாமின் பழைய காசு. ஏ-ஐ என்பது மூன்று விரல் ஸ்லாத், மரத்தில் தொங்கும் அந்தச் சோம்பேறி விலங்கு. ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போது படித்தேன், வந்துவிட்டது. வி-க்கு மட்டும் இரண்டெழுத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அதனால் அந்த அட்டை 'வி' என் கைக்கு வரும் நாளெல்லாம் எனக்கு முகம் தொங்கிவிடும்.

அலுவலகத்தில் வேலை குறைவான ஒரு வாரத்தில் கணினியையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் சொற்கள் மட்டுமே அடங்கிய ஒரு கோப்பு இருக்கும், வரிக்கு ஒரு சொல். அதை எடுத்து ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, ஒரே வரிசை வரும் சொற்களை ஒரே பெட்டியில் போடும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். சேச்சி கையால் செய்ததைத்தான் நிரலும் செய்தது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், மேற்குறி போட்ட உடைமைச் சொற்கள் எல்லாம் அந்தக் கோப்பில் கலந்து கிடக்கும், முதலில் அவற்றைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் அது சரியாக அதே எழுத்துகளைக் கொண்ட சொல்லைத்தான் தரும். இந்த எழுத்துகள் இருக்க வேண்டும், கூட வேறு சில இருந்தாலும் பரவாயில்லை என்றால் வேறு வழி வேண்டும். என் முதல் முயற்சியில் பிழை இருந்தது: டி, ஏ, இ, டி என்று இரண்டு டி கேட்டால், ஒரே ஒரு டி இருக்கும் சீட் என்ற சொல்லையும் அள்ளிக் கொண்டுவந்தது. எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர எத்தனை என்று எண்ணவில்லை. இதைச் சரிசெய்ய நான் படித்த ஒரு வழி இன்றைக்கும் எனக்கு அழகாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பகா எண் கொடுங்கள். இ-க்கு 2, ஏ-க்கு 3, டி-க்கு 5, எஸ்-க்கு 7. டீ என்ற சொல்லின் மூன்று எழுத்தைப் பெருக்கினால் 30. ஈட் என்றாலும் 30, ஏட் என்றாலும் 30, வரிசை போய்விட்டது, ஒலியும் போய்விட்டது. சீட் 210. இரண்டு டி-யோடு நான் கேட்டது 150. 210-ஐ 150 மீதியில்லாமல் வகுக்காது, ஆகவே சீட் இல்லை. ஸ்டேட் என்பது 1050, அதை 150 வகுக்கும், ஈவு 7, அதாவது கூடுதலாக இருப்பது ஒரு எஸ் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. அன்று ராத்திரி பேப்பரில் போட்டு சேச்சிக்குக் காட்டினேன். கணக்கில் அவருக்கு ஆர்வமில்லை, ஆனால் "எழுத்துக்கு எண் கொடுத்தால் வாயால் சொல்ல முடியாது, இல்லையா" என்று சரியாகப் பிடித்தார்.

நிரல் வந்ததும் ஒரு மாதம் நான் எதையும் தேடவே இல்லை. எழுத்தைத் தட்டுவேன், சொல் வரும், மறந்துபோகும். ஆட்டத்தில் முன்னைவிட மோசமானேன். இதை அழுத்திச் சொல்கிறேன், இப்போது இதற்கென்று எத்தனையோ இணையக் கருவிகள் இருக்கின்றன, கருவியைக் கடைசியில் திறங்கள். பத்து நிமிடம் நீங்களே தேடுங்கள், கிடைத்ததை எழுதுங்கள், பிறகு கருவியைத் திறந்து எது தப்பியது என்று பாருங்கள். தப்பியதை ஒரு நோட்டில் எழுதி, ஏன் தப்பியது என்று பக்கத்தில் நாலு சொல் எழுதுங்கள். என் நோட்டு மூன்று மாதத்தில் நிரம்பியது, புரட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் ஒரே காரணம்: ஒலி மாறியது.

கனூ என்ற படகின் ஐந்து எழுத்தில்தான் ஓஷன், கடலே இருக்கிறது. ஆனால் அங்கே 'க' என்று ஒலித்த சி இங்கே 'ஷ' ஆகிவிட்டது, என் காது அதை விடவில்லை. நைட் என்ற இரவில் ஜி-யும் எச்-சும் ஊமை, கலைத்தால் திங், பொருள். ஹார்ஸைக் கலைத்தால் ஷோர், எஸ்-ஸும் எச்-சும் பக்கத்தில் வந்ததும் புது ஒலி. ஹார்ட்டைக் கலைத்தால் எர்த், அங்கே டி-யும் எச்-சும் சேர்ந்துவிட்டன. லாஃப்டர் என்ற சிரிப்பின் முன்னால் ஒரே ஒரு எஸ் வைத்துப் பாருங்கள், ஸ்லாட்டர், படுகொலை. 'ஃப்' என்ற ஒலியே காணாமல் போய்விட்டது, ஆனால் ஒரு எழுத்தும் இடம் மாறவில்லை. இதைக் கண்ட அன்று நோட்டை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருடம் சரியான சொல் என் கண் முன்னால் கிடந்தும் காது மறைத்திருக்கிறது!

போன வருட விடுமுறையில் அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி. நான் அவளுக்கு விதி எதுவும் சொல்லவில்லை, பழைய நோட்டு அட்டையில் எழுத்துகளை வெட்டி, தரையில் வட்டமாகப் போட்டேன். வட்டத்துக்கு முதலும் இல்லை கடைசியும் இல்லை, வரிசையாக வைத்தால் கண் இடமிருந்து வலமாகப் படித்துவிடும், படித்தால் வாய் முணுமுணுக்கும். "அத்தை, சொல்லாமப் பாக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். நைட் எழுத்துகளைச் சுற்றிச் சுற்றி வந்து, குப்புறப் படுத்துக்கொண்டு, கடைசியில் டி-யையும் எச்-சையும் விரலால் ஒன்றாகத் தள்ளினாள். மீதியை நகர்த்த அவளுக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை.

சேச்சியோடு நான் ஆடிய கடைசி ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அவர் ஊருக்கே மாற்றலாகிப் போனார், அதற்கு முந்தைய ஞாயிறு. பாதி ஆட்டத்தில் என் கையில் வந்தது இ, இ, ஐ, ஆர், டி, வி, வி. இரண்டு வி-யும் என்னிடம், மரச் சில்லும் காலண்டர் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில். இப்படி வந்தால் சில்லுகளைப் பைக்குள் திருப்பிப் போட்டு ஒரு முறையை இழப்பதுதான் வழக்கம். அகர வரிசையில் அடுக்கினேன், வி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு இ வைத்தேன். மீதி ஐ, ஆர், டி. வாய் மூடித்தான் இருந்தது. டி-யும் ஐ-யும் நடுவில் போய் உட்கார்ந்ததும், ஆர் கடைசிக்குப் போனதும், பார்த்தால் எங்கள் வீட்டில் பானைத் தண்ணீரில் கிடக்கிற சாமான். வெட்டிவேர். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே ஒரு டிதான். நான் காதால் தேடியிருந்தால் நிச்சயம் இரண்டாவது டி-யைத் தேடிக்கொண்டே இருந்திருப்பேன்.

பலகையில் 'கார்' என்று கிடந்த சொல்லின் வாலில் என் இ ஒன்று ஒட்டி அது 'கேர்' ஆக, ஏழு சில்லையும் இறக்கினேன். சேச்சி சந்தேகமாகப் பார்த்தார். "இது என்ன, தமிழ் வார்த்தை போடுகிறாய்?" என்று அகராதியைக் கேட்டு வாங்கினார். வி பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து இறங்கி, நின்றார். சொல் இருந்தது, தமிழிலிருந்து வந்தது என்றும் போட்டிருந்தது.

"நாங்கள் இதை ராமச்சம் என்போம்" என்றார். பிறகு பென்சிலை எடுத்து, சலுகைக் கட்டங்களைச் சேர்க்கும் முன், சொல்லுக்கு 13, ஏழுக்கும் சேர்த்து 50, கேருக்கு 6 என்று எழுதினார்.